ஆஸ்கர் என்னும் பெயர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவீடன் அரச மரபைப் பற்றிப் படித்தபோது ஆஸ்கர் என்ற பெயரில் இரு மன்னர்கள் இருந்ததைக் கண்டேன். டப்ளினில் பிறந்த எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டுக்கும் அதே பெயர். இது சுவீடனிலிருந்து அயர்லாந்துக்குப் போனதா? இதன் பொருள் என்ன?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் போனது எதிர்த்திசையில். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கும் கேலிக் மொழிக் கதைகளின் பெருந்தலைவன் ஃபின்; அவன் மகன் ஒஷீன்; ஒஷீனின் மகன் ஆஸ்கர். முதலெழுத்தைக் குறிலாக்கி 'ஒஸ்கர்' என்று சொன்னால் கேலிக் ஒலிப்புக்கு நெருங்கி வரும்.

அம்மொழியில் 'ஒஸ்' என்றால் மான், 'கர' என்றால் நண்பன்; மானை நேசிப்பவன் என்பதே பரவலாகச் சொல்லப்படும் பொருள். 'கர' இன்றும் புழங்கும் சொல். நீங்கள் 'அன்புள்ள' என்று தொடங்கிய இடத்தில், கேலிக்கின் அயர்லாந்து வடிவமான ஐரிஷ் மொழியில் கடிதம் எழுதுபவர் 'அ ஹர', அதாவது 'நண்பரே' என்று விளிப்பார். கடவுளின் ஈட்டி எனப் பொருள்படும் பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பண்டை மொழி) பெயரோடு இதைச் சேர்ப்பவர்களும் உண்டு. நான் மானின் பக்கமே நிற்கிறேன். ஒஷீனின் தாய் சைவ் மந்திரத்தால் மானாக மாற்றப்பட்டவள், ஒஷீன் என்ற பெயருக்கே மான்கன்று என்றுதான் பொருள் என்னும்போது, பேரனின் பெயரிலும் அந்த மான் வந்து நிற்பதை அக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் உணராமல் இருந்திருக்க மாட்டார்கள்.

பெயர்தான் மென்மையானது. ஃபியன்னா என்ற வீரர் கூட்டத்தில் ஆஸ்கரே மிக வலியவன். காவ்ரா போரில் அயர்லாந்தின் அரசனைக் கொன்று, அவனால் பட்ட காயத்தால் தானும் இறக்கிறான். ஃபின் தன் வாழ்நாளில் அழுதது இரண்டே முறை, வேட்டைநாய் பிரானுக்காகவும் இந்தப் பேரனுக்காகவும் என்கிறது ஒரு மரபு.

சுவீடனுக்கு அது சென்றது புத்தகத்தின் வழியே. 1760களில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மக்ஃபர்சன், பண்டைக் கவிஞனாகவும் அறியப்பட்ட அதே ஒஷீனின் பாடல்களை மொழிபெயர்த்ததாகச் சொல்லி, பெரும்பாலும் தாமே இயற்றி வெளியிட்டவை ஐரோப்பா முழுவதும் பரவின. நெப்போலியன் அவற்றில் தோய்ந்தவர். பிரெஞ்சுத் தளபதி பெர்னதோத்துக்கு 1799இல் பாரிஸில் பிறந்த மகனுக்கு அவரே ஞானத்தந்தை. பெயரும் அவர் தேர்ந்ததே. 1810இல் பெர்னதோத் சுவீடனின் பட்டத்து வாரிசாகத் தேர்ந்தெடுக்கப்பட, 1844இல் அந்த மகன் முதலாம் ஆஸ்கராக முடிசூடினார்.

வைல்டின் பெற்றோருக்குச் சுவீடனைத் தேடிப் போகும் தேவை இருக்கவில்லை. 1854இல் பிறந்த மகனுக்கு அவர்கள் இட்டது ஆஸ்கர் ஃபிங்கல் என்ற பெயர். ஃபிங்கல் என்பது மக்ஃபர்சன் ஃபின்னுக்குத் தந்த பெயர். பேரனையும் பாட்டனையும் ஒரே குழந்தையின் பெயரில் சேர்த்துவிட்டார்கள்.