ஸ்கேனில் ஒன்றும் இல்லை, பிறகும் ஏன் இவ்வளவு கடுமையான கீமோ?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். முதல் சிகிச்சை முடிந்து ஒன்பதே மாதத்தில் கழுத்தில் மறுபடியும் கட்டி வந்துவிட்டது. மூன்று சுற்று கீமோ கொடுத்து, இப்போது பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள். ஆனாலும் ‘பீம்’ என்ற கடுமையான கீமோ கொடுத்து, அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துத் திரும்பச் செலுத்த வேண்டுமாம். கொழுந்தனார் தன் செல்லைத் தருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்கள். நான் என்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்? – வாசகி, டோம்பிவிலி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

‘ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை’ என்ற பெயர்தான் பலரையும் குழப்பிவிடுகிறது. உங்கள் கணவரின் நோயைத் தாக்கப்போவது ஸ்டெம் செல் அல்ல, அதற்கு முன் ஆறு நாள் ஏறும் மருந்து. அந்த அளவு மருந்து, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அழித்துவிடும். முன்கூட்டியே எடுத்து வைத்த செல்தான் மஜ்ஜையை மறுபடி முளைக்க வைக்கிறது.

ஸ்கேன் சுத்தமாக இருப்பது நல்ல செய்தி. பீம் கொடுக்கலாம் என்ற துணிவே அதனால்தான் வருகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில் செல்கள் மிஞ்சியிருந்தாலும் ஸ்கேன் காட்டாது. மருந்தின் அளவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1993இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வைச் சொல்லலாம். நோய் திரும்பிய அல்லது கட்டுப்படாத ஹாட்ஜ்கின் நோயாளிகள் 40 பேர். இரு பிரிவுக்கும் பீமில் உள்ள அதே நான்கு மருந்துகள். ஒரு பிரிவுக்கு முழு அளவு மருந்தும் மஜ்ஜை மாற்று சிகிச்சையும், மற்றதற்குக் குறைந்த அளவு மருந்து. மூன்று ஆண்டில் நோய் தலைகாட்டாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 53 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் பெரிது.

கொழுந்தனாரின் மனசு பெரியது. ஆனால் அடுத்தவர் செல் உடலுக்குள் போனால், அது உங்கள் கணவரின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கலாம். அதை அடக்க மாதக்கணக்கில் மருந்து வேண்டும். அந்த வழியை, இதற்குப் பிறகும் நோய் திரும்பினால் பார்க்கலாம் என்று கையிருப்பில் வைப்பார்கள்.

முதலில் செல் சேகரிப்பு. தினமும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டு, நான்கைந்து நாளில் செல்லை ரத்தத்துக்கு வரவைத்து, மெஷினில் பிரித்தெடுப்பார்கள். எடை ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் ‘சிடி34’ என்ற குறியுள்ள ஸ்டெம் செல் வேண்டும். 50 லட்சம் கிடைத்தால் நிம்மதி. எண்ணிக்கை ஏறாவிட்டால் பிளெரிக்ஸாஃபர் ஊசி சேர்ப்பார்கள்.

செல் ஏற்றும் நாள்தான் பூஜ்யம். அதற்கு முந்தையவை மைனஸ் நாட்கள். பீமின் பொதுவான அட்டவணையில் மைனஸ் 6இல் கார்மஸ்டின், உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 300 மி.கி. மைனஸ் 5 முதல் 2 வரை தினமும் எட்டோபோசைடும் சைட்டரபினும். மைனஸ் 1இல் மெல்ஃபலான், அதே சதுர மீட்டர் கணக்கில் 140 மி.கி. மேலே சொன்ன ஆய்வில் குறைந்த அளவு பெற்றவர்களுக்கு மெல்ஃபலான் 30 மி.கி.தான். கார்மஸ்டினுக்குப் பதில் லோமஸ்டின் அல்லது பெண்டமஸ்டின் தரும் மருத்துவமனைகளும் உண்டு. அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.

மெல்ஃபலான் நாளில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஐஸ். அந்த மருந்து ரத்தத்தில் கொஞ்ச நேரமே இருக்கும். அந்த நேரத்தில் வாய் ஜில்லென்று இருந்தால் ரத்தக் குழாய் சுருங்கி, வாய்த் தோலுக்கு மருந்து குறைவாகப் போகும்; புண்ணும் குறையும். மருந்து ஏறுவதற்குச் சற்று முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் வார்டு சொல்லும் நேரம்வரை விடக்கூடாது. பல் கூசுகிறது, தூக்கம் வருகிறது என்று பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சிறு துண்டுகளாகக் கொடுங்கள். கன்னத்திலிருந்து நாக்கடிக்கு மாற்றிக்கொண்டே இருக்கட்டும். ஐஸ் வார்டில் கொடுப்பதாக இருக்கட்டும், ஜூஸ் கடை ஐஸ் கூடவே கூடாது.

செல் ஏறும்போது அவர் மேல் பூண்டு வாடை மாதிரி ஒன்று வரும். உறைய வைக்கச் சேர்த்த ரசாயனம் அது, ஓரிரு நாளில் போய்விடும். ஐந்தாம் நாள் வாக்கில் வெள்ளணு அடிமட்டத்துக்குப் போகும். வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், காய்ச்சல் மூன்றும் சேர்ந்தே வரலாம். பெரும்பாலும் 10 முதல் 12ஆம் நாளுக்குள் எண்ணிக்கை எழும்பும். அதுவரை ரத்தமும் தட்டணுக்களும் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதாகவே ஏற்ற வேண்டும். வீடு திரும்பி மாதங்களுக்குப் பிறகும் இது பொருந்தும். வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தியாவின் முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1983இல் பரேலில் உள்ள டாடா மெமோரியலில் நடந்தது. அதாவது மும்பைக்கு இது புதிதல்ல. ஆனால் டோம்பிவிலியிலிருந்து தினம் ரயிலில் போய்வரும் திட்டம் வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். சுவரில் ஈரம், பூஞ்சை, பக்கத்தில் கட்டட வேலை இருந்தால் அந்த அறையை விட்டுவிடுங்கள். காற்றில் வரும் பூஞ்சை நுரையீரலைப் பிடிக்கும். உணவில் ஆவி பறக்கும் இட்லி, குக்கரில் குழைந்த ரசம் சாதம் நல்லது. பச்சைத் தேங்காய்ச் சட்னி, தயிர், ஊறுகாய், கஷாயம் இப்போதைக்கு வேண்டாம். உறவினர் கொண்டுவரும் பூமாலையை வாசலோடு வாங்கி வைத்துவிடுங்கள். வாயில் போடச் சொல்லும் திருநீற்றையும் அப்படியே. 100.4 டிகிரி காய்ச்சல் காட்டினால், பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்காமல் உடனே வார்டுக்கு போன் செய்யுங்கள்.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் விந்தணு சேமிப்பு பற்றி மருந்து தொடங்கும் முன்பே கேளுங்கள். பிறகு காலம் கடந்துவிடும். சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளையும் சில மாதம் கழித்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் எழுதி ஒட்டி வையுங்கள். கார்மஸ்டின் நுரையீரலைப் பாதிப்பது உடனே தெரியாது, வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து வரும். ‘எல்லாம் முடிந்தது’ என்று அவர் வேலைக்குப் போகத் தொடங்கிய பின்பு, ஸ்டேஷன் பாலம் ஏறும்போது மூச்சு வாங்கும், சளி இல்லாத வறட்டு இருமல் வரும். மழைக்காலமாக இருந்தால் ஜலதோஷம் என்றே நினைக்கத் தோன்றும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்டீராய்டு மருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தாமதித்தால் வடு நிரந்தரமாகிவிடலாம். அந்த இருமலுக்கு மருந்துக் கடையில் சிரப் வாங்காதீர்கள். மாற்று சிகிச்சை செய்த டாக்டரிடமே அன்றே காட்டுங்கள், ‘பீம் எடுத்தவர்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.