குணச்சித்திர நடிகர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்தி சினிமாவின் குணச்சித்திர நடிகர்களைப் பற்றி இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில், பலர் பொதுவாகக் கேட்டிருந்த சில கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நவாஸுதீன் சித்திக்கி, பங்கஜ் திரிபாதி போன்றவர்கள் பல ஆண்டுகள் கஷ்டப்பட்டுத்தான் இன்றைய இடத்துக்கு வந்தார்கள். அந்தக் கஷ்டம்தான் அவர்களை நல்ல நடிகர்களாக்கியது என்று சொல்லலாமா?

பதில்: அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நவாஸுதீன் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தில் உள்ள புதானா என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வேதியியல் படித்து, வடோதராவில் கெமிஸ்டாக வேலை பார்த்து, பிறகு டெல்லிக்கு வந்து காவலாளியாகவும் இருந்து, தேசிய நாடகப் பள்ளியில் சேர்ந்து 1996-இல் படிப்பை முடித்தார். 1999-இல் வெளியான ‘சர்ஃபரோஷ்’ படத்தில் போலீஸ் விசாரணையில் சிக்கிக்கொள்ளும் ஒருவனாகச் சிறிது நேரமே வந்தார். 2003-இல் ‘முன்னா பாய் எம்.பி.பி.எஸ்.’ படத்தில் சுனில் தத்தின் பணப்பையைத் திருட முயன்று மாட்டிக்கொள்ளும் பிக்பாக்கெட்டாக வந்தார். ‘கஹானி’யும் ‘கேங்ஸ் ஆஃப் வாசேபூர்’ படமும் வெளிவந்த 2012-இல்தான் நாடு முழுவதும் அவர் பெயரைத் தெரிந்துகொண்டது. பங்கஜ் திரிபாதியும் 2004-இல் நாடகப் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அதே ‘வாசேபூர்’ படம் வரும்வரை பெயர் தெரியாத வேடங்களிலேயே காலம் தள்ளினார்.

இந்த இருவருக்கும் திறமை 2012-இல் திடீரென்று வந்துவிடவில்லை. மாறியது அவர்களைச் சுற்றியிருந்த சினிமா. 1997-இல் டெல்லியில் முதல் மல்டிபிளெக்ஸ் வந்து, பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியபோது, பெரிய நட்சத்திரம் இல்லாத படங்களுக்கும் திரையரங்கில் ஓரளவு இடம் கிடைத்தது. கதைகள் மும்பையையும் வெளிநாட்டுத் திருமண மண்டபங்களையும் விட்டு தன்பாத், கான்பூர், மீரட் என்று நகர்ந்தபோது, அந்த ஊர்களின் முகமும் பேச்சும் உள்ள நடிகர்கள் தேவைப்பட்டார்கள். அதோடு, நடிகர் தேர்வு என்பது தெரிந்தவர் சிபாரிசு என்ற நிலையிலிருந்து ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. 1994-இல் ‘பாண்டிட் குவீன்’ படத்துக்கு நடிகர்களைத் தேர்வு செய்த திக்மான்ஷு தூலியா தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர் என்பதால், மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மனோஜ் பாஜ்பாய் திரையில் முதலில் கவனம் பெற்ற படங்களில் அதுவும் ஒன்று. ‘வாசேபூர்’ படத்துக்கு முகேஷ் சாப்ரா அதே வேலையை இன்னும் விரிவாகச் செய்தார்.

கஷ்டத்தைக் காரணமாகச் சொல்வதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. அதே ஆண்டுகளில், அதே வாடகை அறைகளில், அதே பசியோடு இருந்து, வாய்ப்பு வராமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. கஷ்டம் மட்டுமே நடிகரை உருவாக்கும் என்றால் அவர்களையும் உருவாக்கியிருக்க வேண்டும். காத்திருந்த காலத்தில் பயிற்சியை விடாமல் இருக்க முடிந்ததா, வீட்டில் அடுப்பு எரிய வேறு யாராவது பொறுப்பேற்றார்களா என்பவைதான் உண்மையில் வித்தியாசத்தை ஏற்படுத்தின. தன் மனைவியின் ஆசிரியர் சம்பளத்தில்தான் அந்த ஆண்டுகளில் குடும்பம் நடந்தது என்று பங்கஜ் திரிபாதி பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவருடைய வெற்றிக் கதையில் நாம் மிகக் குறைவாகப் பேசும் பகுதி இதுதான்.

கேள்வி: இரண்டு மூன்று காட்சிகளில் மட்டும் வரும் நடிகர் மனதில் நிற்பது எப்படி? வசனம்தான் காரணமா?

பதில்: வசனம் உதவும். ஆனால் வசனமே இல்லாமல் ஒரு படத்தைத் தாங்கியதற்கு ஓம் புரியைப் பாருங்கள். கோவிந்த் நிஹலானி இயக்கி 1980-இல் வந்த ‘ஆக்ரோஷ்’ படத்தில், மனைவியைக் கொன்றதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட பழங்குடி மனிதராக அவர் நடித்தார். வழக்கறிஞராக வரும் நஸீருத்தீன் ஷா கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். இவர் வாயே திறப்பதில்லை. அந்த மௌனம் வெறுமையாக இல்லாமல் இருப்பதுதான் நடிப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் கண் எங்கே போகிறது, கழுத்து எப்படி இறுகுகிறது, உடல் எப்போது தன்னையே சுருக்கிக்கொள்கிறது என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரியும் என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. கடைசியில், தந்தையின் ஈமச் சடங்குக்காக விலங்குடன் அழைத்துவரப்படும்போது, தன் மனைவிக்கு நேர்ந்தது தங்கைக்கும் நேர்ந்துவிடும் என்று அஞ்சி அவளைத் தன் கையாலேயே வெட்டிவிட்டு அவர் எழுப்பும் ஓலத்துக்கு அத்தனை வலிமை வருவது, அதுவரை அவர் சேர்த்துவைத்த மௌனத்தால்தான்.

பொருளைக் கையாள்வது இன்னொரு வித்தை. ‘நியூட்டன்’ படத்தில் (2017) பாதுகாப்புப் படை அதிகாரியாக வரும் பங்கஜ் திரிபாதி, தேர்தல் அதிகாரியின் கையில் தன் துப்பாக்கியைக் கொடுத்து, அதன் கனத்தை உணரச் செய்யும் காட்சி ஒன்று உண்டு. குரலை உயர்த்தவே இல்லை. ஒரு அதிகாரியின் சலிப்பு, பெருமை, மிரட்டல் மூன்றும் அந்தத் துப்பாக்கியைக் கொடுக்கும் விதத்திலேயே வந்துவிடுகின்றன. ‘சாரான்ஷ்’ படத்தில் (1984) அனுபம் கேர் தன் 28-ஆவது வயதில் ஓய்வுபெற்ற ஆசிரியராக நடித்தார். வெளிநாட்டில் கொல்லப்பட்ட மகனின் அஸ்தியைப் பெற சுங்க அலுவலகத்தில் அவர் அலைகிற காட்சியைப் பார்த்தவர்களுக்கு, முதுமை என்பது நரைத்த தலைமுடி மட்டும் இல்லை என்பது புரியும். அலுவலர் முன்னால் நிற்கும் விதத்திலும், பணிவு உடைந்து கோபம் வரும் இடத்திலும் அந்த வயது இருக்கிறது.

‘பதாய் ஹோ’ படத்தில் (2018) சுரேகா சிக்ரியின் பாட்டி வேடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வயதான காலத்தில் கர்ப்பமான மருமகளைப் படம் முழுக்கத் திட்டித் தீர்க்கிற பாட்டி, உறவினர்கள் கூடிய திருமண வீட்டில் மற்றவர்கள் அவளை ஏளனம் செய்யும்போது அவள் பக்கம் நின்று பொங்கி எழுகிறார். முன்பு திட்டிய அதே குரல், அதே முறைப்பு. எதையும் மென்மையாக்காமல் அன்பைக் காட்டியதுதான் அவருடைய திறமை. ‘தமஸ்’, ‘மம்மோ’ ஆகியவற்றை அடுத்து, சிறந்த துணை நடிகைக்கான மூன்றாவது தேசிய விருதை இந்த வேடம் அவருக்குப் பெற்றுத் தந்தது.

கேள்வி: தேசிய நாடகப் பள்ளியில் படித்தால்தான் இப்படி நடிக்க முடியுமா?

பதில்: இல்லை. மனோஜ் பாஜ்பாய் பலமுறை விண்ணப்பித்தும் அங்கே இடம் கிடைக்கவில்லை. டெல்லியில் தெரு நாடகங்களிலும் நாடக ஆசிரியர் பாரி ஜானிடமும் பயிற்சி பெற்றவர், 1998-இல் வெளியான ‘சத்யா’வின் பிக்கு மாத்ரே என்ற தாதா வேடத்துக்காகத் தேசிய விருது வாங்கினார். பின்னாளில் ‘போன்ஸ்லே’ படத்துக்காக அவர் பெற்ற சிறந்த நடிகர் விருது, ‘அசுரன்’ படத்துக்காக நம் தனுஷுடன் பகிர்ந்துகொள்ளப்பட்டது. பள்ளி கட்டாயம் இல்லை, பயிற்சி கட்டாயம்.

கேள்வி: என் மகள் பட்டப்படிப்பு முடித்ததும் மும்பை சென்று இந்திப் படங்களில் நடிக்க விரும்புகிறாள். ஒரு தாயாக எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன சொல்வது?

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது, மகளின் ஆசையும் நியாயமானது. போகக் கூடாது என்று தடுக்காமல், போவதற்கு முன் சில விஷயங்களை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். முதலாவது, இங்கேயே ஒரு நாடகக் குழுவில் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் அவள் மேடையேறட்டும். பலர் முன்னிலையில் ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் நிதானம் கேமரா முன்னால் மிகவும் உதவும். இரண்டாவது, மொழி. முன்பெல்லாம் வசனத்தைப் பின்னால் டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம். ‘லகான்’ (2001) போன்ற படங்களுக்குப் பிறகு படப்பிடிப்புத் தளத்திலேயே குரலைப் பதிவு செய்வது பரவலானதால், உச்சரிப்பும் வட்டார வழக்கும் அங்கேயே சரியாக இருக்க வேண்டும். புத்தக இந்தி போதாது.

மூன்றாவது, இதை அவள் எழுதியே வைத்துக்கொள்ளட்டும்: நடிகர் தேர்வுக்குப் பணம் கேட்பவர் மோசடிக்காரர். அந்தேரி, வெர்சோவா பகுதியில், குறிப்பாக ஆராம் நகரில், நடிகர் தேர்வு அலுவலகங்கள் வரிசையாக இருக்கின்றன. நம்பகமான எந்த அலுவலகமும் பதிவுக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், போட்டோ எடுக்கும் கட்டணம் என்று எதையும் வாங்குவதில்லை. இரவில், தனி அறையில், ஓட்டலில் தேர்வு என்று சொன்னால் போக வேண்டியதில்லை. நான்காவது, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வேறு வழி ஒன்று கையில் இருக்கட்டும். கையில் காசில்லாதவர்தான் கிடைத்த எந்த நிபந்தனைக்கும் தலையாட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். எத்தனை ஆண்டுகள் முயற்சி செய்வது என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அந்தக் கெடு முடிந்து திரும்பி வந்தால் அதைத் தோல்வி என்று வீட்டில் ஒருவரும் சொல்லாதீர்கள்.

கேள்வி: இன்று குணச்சித்திர நடிகர்களுக்கு நல்ல காலம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2018-இல் வந்த ‘மிர்சாபூர்’, 2019-இல் வந்த ‘தி ஃபேமிலி மேன்’ போன்ற இணையத் தொடர்கள் முன்பு துணை வேடங்களில் இருந்தவர்களை மையத்துக்குக் கொண்டுவந்தன. ஆனால் அந்த உயரத்துக்கு வந்தவர்கள் சிலரே. பெரும்பாலானோர் இன்னமும் நாள் கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள். படப்பிடிப்பு முடிந்து மாதங்கள் கழித்தே பணம் கைக்கு வரும் வழக்கமும் முற்றிலும் மாறவில்லை.

‘ஷோலே’ படத்தில் (1975) பார்வையற்ற இமாமாக வந்த ஏ.கே. ஹங்கல், தையல்காரராக வேலை பார்த்து, சுதந்திரப் போராட்டத்திலும் மேடை நாடகத்திலும் ஈடுபட்டு, ஏறக்குறைய ஐம்பது வயதில் சினிமாவுக்கு வந்தவர். ஏராளமான படங்களில் நடித்து பத்மபூஷண் விருதும் பெற்ற அவர், கடைசிக் காலத்தில் மருத்துவச் செலவுக்குச் சிரமப்படுகிறார் என்ற செய்தி 2011-இல் வெளிவந்தபோது திரையுலகத்தினர் உதவினார்கள். உதவியவர்களை வாழ்த்துகிறேன். அதற்கு முன் அந்தச் செய்தி வெளிவர வேண்டியிருந்ததே என்பது எனக்கு இன்னமும் ஆறாத வருத்தம். பெண்களுக்கு நிலைமை இன்னும் கடினம். தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற நீனா குப்தா, 2017-இல் சமூக ஊடகத்தில் தனக்கு நல்ல வேடங்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அடுத்த ஆண்டே ‘பதாய் ஹோ’ படத்தின் மருமகளாக நடித்தார். பிறகு ‘ஊஞ்சாய்’ படத்துக்காகத் தேசிய விருதும் பெற்றார். அவ்வளவு திறமையுள்ளவர் வாய் திறந்து கேட்ட பிறகுதான் வேடம் வந்தது.

கேள்வி: இவர்களுடைய படங்களைப் பார்க்கத் தொடங்க விரும்புகிறேன். முதலில் எதைப் பார்க்கலாம்?

பதில்: ரஜத் கபூர் இயக்கிய ‘ஆங்க்கோன் தேகி’ (2014). பழைய டெல்லியின் நெரிசலான கூட்டுக் குடும்ப வீட்டில் வாழும் ஒரு நடுத்தர வயது மனிதர், இனி என் கண்ணால் பார்த்ததை மட்டுமே நம்புவேன் என்று முடிவெடுத்து, அதனால் வேலையையும் உறவினரின் பொறுமையையும் இழக்கிறார். சஞ்சய் மிஸ்ரா அந்த வேடத்தில் நடித்திருக்கிறார். பல ஆண்டுகள் நகைச்சுவைத் துணை வேடங்களிலேயே பார்க்கப்பட்டவர். இடையில் தந்தை இறந்த துயரத்தில் சினிமாவை விட்டு ரிஷிகேஷில் ஒரு சாலையோர உணவகத்தில் வேலை செய்ததையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தம்பி குடும்பம் தனிக்குடித்தனம் போகும் பகுதியில் அவர் முகத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் சீமா பாஹ்வா மனைவியாக இருக்கிறார். கணவரின் பிடிவாதத்தைத் தாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் அவர் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதற்காகவே அந்தப் படத்தை இரண்டாம் முறை பார்க்கலாம்.