பிராட்பேண்ட், டிவி கட்டணத்தைப் பேசிக் குறைக்க முடியுமா?

முடியும். ஆனால் பிளான் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே பேசுங்கள். ரீசார்ஜ் செய்த பிறகு யாரும் இறங்கி வரமாட்டார்கள். உங்கள் தெருவில் வேறு எந்த ஃபைபர் இணைப்பு கிடைக்கிறது, அதே வேகத்துக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து என்ன விலை என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம் கால் சென்டரை நம்பாமல், பகுதி ஆபரேட்டரிடமே கேளுங்கள்: "அவங்க இந்த விலைக்குத் தர்றாங்க, மாறலாம்னு இருக்கேன். ஆறு மாசத்துக்குச் சேர்த்துக் கட்டினா என்ன செய்வீங்க?" மாதக் கட்டணம் குறையாவிட்டாலும் கூடுதலாக ஒரு மாதமோ, அதிக வேகமோ கிடைக்க வாய்ப்புண்டு. ரவுட்டர் டெபாசிட் திரும்பி வருமா என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

டிவிக்குப் பேரமே வேண்டாம். தொலைத்தொடர்பு, ஒளிபரப்புக் கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டிராயின் விதிப்படி 2019 முதல் சேனல்களைத் தனித்தனியாகவே எடுக்கலாம். விலையைக் கூட்டிப் பாருங்கள், சில சமயம் பேக்கேஜே மலிவாக இருக்கும்.