தேசவழமை ஆய்வுக்கு வெளிநாட்டு இணையாசிரியர் தேவையா?

தம்பி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பற்றித் தனியாகத் தமிழில் எழுதும் உங்களை, வெளிநாட்டாரோடு சேர்ந்து கட்டுரை போடும் இரசாயனவியல் நண்பரோடு ஒப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒப்பீடே பிழை. பௌதிகவியலில், ஹிக்ஸ் என்ற நுண்துகளின் நிறை பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். கருவி பெரிது, ஆட்கள் வேண்டும். நம் கிணற்று நீரில் நைத்திரேற்று அளப்பவருக்கும் வெளிநாட்டு ஆய்வுகூடம் கைகொடுக்கும். பழைய காணி உறுதிகளை வாசிக்கிற உங்களுக்கோ நொத்தாரிசின் கையெழுத்து பிடிபட வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளூருக்கு முக்கியமான ஆய்வைக் காக்க வேண்டும் என்று ஆய்வுகளை எண்களால் மதிப்பிடுவது எப்படி என்று கூறும் 2015 லெய்டன் அறிக்கையின் மூன்றாவது கோட்பாடே சொல்கிறது. பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் காட்டுங்கள். பிறகு, தேசவழமையை, சொத்து பெண்வழியில் இறங்கும் கேரளத்து மருமக்கத்தாய முறையோடு ஒப்பிட்டு ஆங்கிலத்திலும் ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். பெண்வழிச் சொத்துரிமையை ஆராய்பவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள்.