பிரிந்து வாழும் மனைவி, கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் குழந்தைச் செலவு கேட்கிறார். வாரத்தில் இரண்டு நாள் குழந்தை என்னிடம்தான் இருக்கிறாள். கொடுக்கத்தான் வேண்டுமா?

கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அவர் கேட்கும் எல்லா ஆண்டுகளுக்கும் அல்ல. இதே கேள்வியோடு பாலக்காட்டில் ஒரு வக்கீலின் முன் உட்கார்ந்தவன் நான்.

எனக்குப் பொள்ளாச்சியில் வேலை. மகளும் அவள் அம்மாவும் கொழிஞ்சாம்பாறையில் என் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள். வெள்ளி மாலை கோபாலபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் சென்று மகளை அழைத்து வருவேன். ஞாயிறு மாலை கொண்டுபோய் விடுவேன். ஓணம் விடுமுறையிலும் என்னோடுதான். மாதப் பணம் என்று எதுவும் பேசிக்கொள்ளாமலே நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. பிறகு நான்கு ஆண்டுக் கணக்கோடு நோட்டீஸ் வந்தது. 'குழந்தையை நானும்தானே வளர்த்தேன்' என்று கொதித்துப்போனேன்.

வக்கீல் பொறுமையாக விளக்கினார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் (இன்றைக்கு அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு) பராமரிப்புத் தொகை கேட்டு மனுப் போட்டால், மனுப் போட்ட நாளிலிருந்துதான் தொகை ஓடும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் வகுத்தது. அதற்கு முந்தைய காலத்துக்கு, இந்துக்களானால் 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி குடும்ப நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட வேண்டும். அங்கும், வழக்குப் போடக் கால எல்லை வகுக்கும் வரம்புச் சட்டம் நிலுவைக்கு 3 ஆண்டு எல்லை வைத்திருக்கிறது. ஆக, நான்காவது ஆண்டு கணக்கிலிருந்து விழுந்தது. மனைவிக்கும் சம்பளம் உண்டு என்பதால் செலவைப் பங்கிடலாம் என்றார். 2000-இல் பத்மஜா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்தைக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்திருக்கிறது.

சமரசப் பேச்சில் இருவரும் ரசீதுகளை எடுத்து வைத்தோம். என் ரசீதுக் கட்டில் மிதிவண்டி, பிறந்தநாள் உடை, செருப்பு, உணவகச் சீட்டுகள். மனைவியின் ரசீதுக் கட்டில் பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், காய்ச்சல் வந்த நாட்களின் மருந்துச் சீட்டு, பல் மருத்துவர், சீருடை தைத்த கூலி. நான் மகிழ்ச்சியாகக் கொடுத்தவற்றுக்கு மட்டும் கணக்கு வைத்திருந்தேன். மகள் அந்தப் பல் வலியைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சீட்டைப் பார்த்தபின் என்னால் வாதாட முடியவில்லை.

இரண்டு நாள் என்னிடம் இருப்பதால் எது குறையும் என்று சமரசர் கேட்டார். பள்ளிக் கட்டணம் குறையாது, வேன் கட்டணம் குறையாது. சாப்பாட்டுச் செலவு மட்டும்தான். அதற்காக மாதம் 500 ரூபாய் கழித்தோம். என் பங்கு 8,000 என்று முடிவாயிற்று. 36 மாதத்துக்கு 2,88,000. வங்கி வழியாக நான் கட்டியிருந்த ஒரு பள்ளிக் கட்டணம் 40,000 கழிந்தது. மாமியார் கையில் அவ்வப்போது கொடுத்த 18,000-க்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. மனைவி தாமாகவே அதை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தார். மறுத்திருந்தால் நான் எதைக் காட்டியிருப்பேன்? மீதி 2,30,000-ஐ பத்துத் தவணையில் கட்டினேன்.

ஆகவே, நோட்டீஸுக்கு முதலில் பதில் அனுப்புங்கள். வங்கிக் கணக்குப் பதிவுகளைத் தேடி எடுங்கள். எந்த ஆண்டு முதல் கேட்கிறார் என்று பாருங்கள். 'பணம் வேண்டாம் என்று அப்போதே சொன்னாளே' என்ற பேச்சை நம்பி இருக்காதீர்கள். அது குழந்தையின் உரிமை, அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. இந்த மாதத்துக்கான பணத்தை இன்றைக்கே வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் நிலுவை இன்னும் ஏறும். குழந்தையைப் பார்க்கும் நாட்களை இந்தச் சண்டையோடு முடிச்சுப் போடவும் வேண்டாம். நோட்டீஸ் வந்த வாரமும் நான் வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன். மகள் வழக்கம்போலப் பையோடு வாசலில் நின்றிருந்தாள்.