உறையில் பெயர் இல்லாதவர்கள்: ராக் செஷன் கலைஞர்கள் பற்றிக் கேள்வி பதில்

செஷன் கலைஞர்கள் என்றால் குழுவில் இல்லாமல், கூலிக்கு ஸ்டுடியோவில் வாசித்துவிட்டுப் போகிறவர்கள். 1960, 70களின் பிரிட்டன், அமெரிக்க ராக் பதிவுகள் பற்றிக் கேளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். "இதில் வாசித்தது அவராமே?" என்று கேட்பதற்கு முன், அதை முதலில் சொன்னது யார், எத்தனை வருஷம் கழித்துச் சொன்னார் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கோவை ரசிகர்: பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டில் குழுவில் ஒருவர்கூட வாசிக்கவில்லை என்கிறார்களே?

ஒருவர் வாசித்தார். 1965 ஜனவரி 20, ஹாலிவுட்டில் கொலம்பியா ஸ்டுடியோ. 12 கம்பி கிதார் குழுவின் ரோஜர் மெக்குயினுடையது. மற்றவர்கள் செஷன்காரர்கள். டிரம்ஸ் ஹால் பிளேன், பேஸ் கிதார் லாரி நெக்டல், இன்னொரு கிதார் ஜெர்ரி கோல், எலெக்ட்ரிக் பியானோ லியான் ரஸ்ஸல். மெக்குயினுடன் ஜீன் கிளார்க்கும் டேவிட் கிராஸ்பியும் பாடினார்கள், அவ்வளவுதான். தயாரிப்பாளர் டெர்ரி மெல்ச்சருக்குப் புதுப் பையன்களின் தாளத்தில் நம்பிக்கை வரவில்லை. ஸ்டுடியோ நேரத்துக்குக் காசு. செஷன்காரர்களோ மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள்.

அவர்களுக்குச் சங்கம் நிர்ணயித்த கூலி உண்டு, ராயல்டி கிடையாது. உறையில் பெயர் போடும் வழக்கமும் இல்லை. ஆனால் கூலி கொடுக்க வேண்டும் என்பதால் இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தத் தாளில் பெயர் ஏறிவிடும். இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அந்தத் தாள்களின் புண்ணியம். அப்புறம், அதே பெயரில் வந்த ஆல்பத்தில், அதே செஷனில் பதிவான 'ஐ நியூ ஐட் வான்ட் யூ' தவிர மற்றப் பாட்டுகளைப் பேர்ட்ஸ் குழுவே வாசித்தது. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மீனா: பீட்டில்ஸின் 'லவ் மீ டூ'வில் டிரம்மர் ரிங்கோ வாசிக்கவில்லையா?

ரிங்கோ சேர்ந்த பிறகு ஸ்டுடியோவில் இரண்டு பதிவுகள். 1962 செப்டம்பர் 4 பதிவில் டிரம்ஸ் ரிங்கோ. 11ஆம் தேதிப் பதிவில் டிரம்ஸ் செஷன்காரர் ஆண்டி வைட், ரிங்கோ கையில் டாம்பரின். பாட்டில் டாம்பரின் கேட்டால் டிரம்ஸ் வைட்.

தாளப்பித்தன்: பெர்னார்ட் பர்டி பீட்டில்ஸின் 21 பாட்டுக்கு வாசித்ததாக அவரே சொல்கிறாரே. ஏன் மறைக்கிறீர்கள்?

எதையும் மறைக்கவில்லை. பர்டி அமெரிக்க செஷன் டிரம்மர், மகா கலைஞர். அரிதா பிராங்க்ளினுக்கும் ஸ்டீலி டானுக்கும் அவர் வாசித்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த 21 மட்டும் நிற்காது. பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 1963 பிப்ரவரியில் இரண்டு ட்ராக் டேப்பில் பதிவானது. வாத்தியங்கள் பெரும்பாலும் ஒரு ட்ராக், குரல்கள் இன்னொன்று. டிரம்ஸ், பேஸ், கிதார் எல்லாம் ஒரே ட்ராக்கில் கலந்து கிடக்கும்போது டிரம்ஸை மட்டும் எப்படிப் பிடுங்குவீர்கள்?

தாளப்பித்தன்: பிடுங்க வேண்டாம், அதன் மேலேயே வாசித்திருக்கலாமே?

வாசித்திருந்தால் இரண்டு டிரம்ஸ் கேட்கும். அப்படிக் கேட்கிற பதிவுகளும் இருக்கின்றன, அங்கேதான் விஷயமே. 1961இல் ஹாம்பர்க்கில், டோனி ஷெரிடனோடு இருந்த காலத்தில் பீட்டில்ஸ் பதிவு செய்த சில பாட்டுகளை 1964இல் அட்கோ நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்டது. 'எய்ன்ட் ஷி ஸ்வீட்' அதில் ஒன்று. சத்தம் போதவில்லை என்று நியூயார்க்கில் மேலே டிரம்ஸ் சேர்த்தார்கள். அது பர்டியாக இருக்கலாம் என்பதுதான் பலருடைய கணிப்பு. ஆனால் ஹாம்பர்க் பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் ரிங்கோவுக்கு முன் குழுவில் இருந்த பீட் பெஸ்ட். பர்டி யார் மேல் வாசித்திருந்தாலும் ரிங்கோ மேல் வாசிக்கவில்லை.

சேலம் வாசகர்: இவ்வளவு பெரிய கலைஞர் பொய் சொல்வாரா?

பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளில் மூன்று செஷன் வாசித்தவரின் ஞாபகம் வேறு, சங்கத்தின் ஒப்பந்தத் தாள் வேறு. தாளைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

தாளப்பித்தன்: காதுக்கே தெரிகிறதே, அந்த உருட்டல் ரிங்கோவுடையது இல்லை.

காதால் தீர்ப்பு எழுதாதீர்கள்! ரிங்கோ இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களுக்கு அடுக்கிய செட்டில் வாசித்தார். அதனால்தான் அவர் உருட்டல்கள் விநோதமாக வரும். உங்களுக்கு வித்தியாசமாகக் கேட்பதே அவர்தான் என்பதற்குச் சாட்சி. பர்டி விவகாரம் இத்துடன் முடிந்தது.

ராஜி: மங்கீஸ் குழு செய்தது மோசடிதானே?

டிவி தொடருக்காக ஆள் எடுத்த குழு அது. முதல் இரண்டு ஆல்பங்களில் பெரும்பாலும் செஷன்காரர்கள். பிறகு சண்டை போட்டு, 1967இல் 'ஹெட்குவார்ட்டர்ஸ்' ஆல்பத்தைப் பெரும்பாலும் தாங்களே வாசித்தார்கள். பேர்ட்ஸை மன்னிக்கிறவர்கள் இவர்களை மட்டும் திட்டுவது எனக்குப் புரிந்ததே இல்லை.

பேஸ்காரன்: டோர்ஸ் குழுவில் பேஸ் கிடையாது, ஆனால் 'லைட் மை ஃபயர்' பாட்டில் கேட்கிறதே?

மேடையில் குழுவின் கீபோர்டுகாரர் ரே மான்சாரெக்கின் இடது கை, பியானோ பேஸில். ஸ்டுடியோவில் அதன் மேல் லாரி நெக்டலின் பேஸ். உறையில் பெயர் இல்லை. மேலே பேர்ட்ஸ் பாட்டில் வந்த அதே நெக்டல்தான்.

மதுரைக்காரர்: கின்க்ஸின் 'யூ ரியலி காட் மீ' கிதார் சோலோ அப்போது செஷன் கிதார்காரராக இருந்த ஜிம்மி பேஜ்தானே?

இல்லை. குழுவின் கிதார்காரர் டேவ் டேவிஸ். பேஜே மறுத்திருக்கிறார். அந்தப் பாட்டில் ஒளிந்திருப்பவர் வேறு ஆள்: டிரம்ஸ் பாபி கிரஹாம். குழுவின் டிரம்மர் மிக் ஏவரி டாம்பரினோடு நின்றார். சோலோவுக்காக அடித்துக்கொள்கிறவர்கள் இதைக் கேட்பதேயில்லை.

கண்ணன்: கிஸ் குழுவின் 'டைனஸ்டி' ஆல்ப உறையில் டிரம்மர் பீட்டர் கிரிஸ் படம் இருக்கிறதே?

படம் இருக்கிறது. ஆனால் 'டர்ட்டி லிவின்' பாட்டு தவிர மற்றதிலெல்லாம் டிரம்ஸ் ஆன்டன் ஃபிக். அடுத்த ஆல்பம் 'அன்மாஸ்க்ட்' முழுக்க அவர்தான். இரண்டிலும் அவர் பெயர் இல்லை.

வாசுகி: நம் திரைப்பாடல்களில் வாசித்தவர்கள் பற்றி?

நல்ல கேள்வி, தவறான ஆள். சென்னை ஸ்டுடியோக்களில் வாசித்தவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களிடமே கேளுங்கள்.

திருச்சி ரசிகர்: கின்க்ஸ் சோலோவில் பேஜ்...

மேலே பார்க்கவும். பேஜ்தான் வேண்டும் என்றால் 'தி ஹூ' குழுவின் 'ஐ கான்ட் எக்ஸ்பிளெய்ன்' கேளுங்கள். அதில் ரிதம் கிதார் வாசித்திருக்கிறார். சோலோ அதிலும் அவர் இல்லை.