கோதுமையை நிறுத்திவிட்டேன், இனி சோதனை எதற்கு?

கேள்வி: டாக்டர், எனக்கு 16 வயது. அக்காவுக்குப் போன வருடம் சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். அவள் ஓயாத வயிற்றுப்போக்கில் இளைத்துப்போயிருந்தாள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, அடிக்கடி வாய்ப்புண், எந்நேரமும் அசதி. ஹீமோகுளோபின் குறைவு என்று தந்த இரும்பு மாத்திரையைச் சாப்பிட்டும் ஏறவில்லை. “அக்காவைப் பார்த்துப் பார்த்து உனக்கும் அப்படித் தோன்றுகிறது” என்கிறார் அம்மா. யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரமாகக் கோதுமையை விட்டுவிட்டேன், வயிறு பரவாயில்லை. இப்படியே இருந்துவிடலாமா? எண்டோஸ்கோபி என்றாலே பயம். நோய் இருப்பதாக வந்துவிட்டால் தோழிகளோடு சேர்ந்து சாப்பிடவே முடியாதே?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: சோதனை செய்துகொள். ஆனால் அதற்கு முன்னால் மறுபடியும் கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும். எப்போது தொடங்குவது, ரத்தம் எப்போது கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள். நீ இரண்டு வாரமாக விட்டிருப்பதை அவரிடம் மறைக்காதே.

கேட்க விசித்திரமாக இருக்கும். விஷயம் இதுதான்: கோதுமை, பார்லி, ரை தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. ரத்தத்தில் நாங்கள் தேடுவது அந்தச் சண்டையில் உருவாகும் எதிர்ப்பொருளை. குளூட்டனை நிறுத்திய பின் அது மெல்ல மெல்லக் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வந்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று தாள் வரலாம். சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு வேண்டும் என்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான ‘நைஸ்’. சீலியாக் குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்துத்தான், அதுவே காரணம் என்று டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். கோதுமை உள்ளே இல்லாமல் அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

வயிறு பரவாயில்லை என்கிறாயே, அது நிரூபணம் ஆகாது. கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகையும் உண்டு. சீலியாக் இல்லாத பலருக்கும் அது வயிற்றை உப்ப வைக்கும்.

உன் அம்மா சொல்வதை நான் ஏற்கவில்லை. உலகில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்குச் சீலியாக் என்றால், நோயுள்ளவரின் உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. தொந்தரவே இல்லாவிட்டாலும் உன்னைச் சோதிக்கச் சொல்லியிருப்பேன். தவிர, அக்காவுக்கு வந்தமாதிரியே உனக்கும் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. பதின்வயதில் வயிற்றுப்போக்கே இல்லாமல், மாத்திரைக்கு மசியாத இரத்தசோகையாக மட்டும் இது வருவதுண்டு. இரும்பை உறிஞ்சும் இடமே பழுதாகியிருந்தால் மாத்திரை என்ன செய்யும்? அதேசமயம், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல். இரத்தசோகைக்கு அது இன்னும் சாதாரணமான காரணம்.

சோதனை என்பது கையில் ஒரு ஊசி. வெறும் வயிற்றில் போக வேண்டாம். நான் சொன்ன எதிர்ப்பொருளின் பெயர் ‘டிடிஜி ஐஜிஏ’, அதைப் பார்ப்பார்கள். ஐஜிஏ என்பது எதிர்ப்பொருள்களில் ஒரு வகை. கூடவே ‘மொத்த ஐஜிஏ’ அளவையும் பார்க்கச் சொல். சிலருக்கு ஐஜிஏ-வே உடம்பில் உருவாவதில்லை, அவர்களுக்கு முதல் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும். இதை எழுத மறப்பவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேள்.

எண்டோஸ்கோபி எல்லோருக்கும் வருவதில்லை. உன் வயதினருக்கு டிடிஜி அளவு இயல்பு வரம்பைப்போல் 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் ‘ஈஎம்ஏ’ என்ற எதிர்ப்பொருளும் இருந்தால், எண்டோஸ்கோபி இல்லாமலே உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைநல இரைப்பை-குடல் மருத்துவர்களின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. வேண்டியிருந்தாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். சில நிமிட வேலை. குடலில் துணுக்கு எடுப்பது உனக்கு வலிக்காது.

அப்புறம் தோழிகள். நோய் இருந்தால் குளூட்டனை முழுசாக, வாழ்நாள் முழுக்க விட வேண்டும் என்பது உண்மை. சிரமம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீ இப்போது இருப்பதுபோல் யாருக்கும் தெரியாமல், சந்தேகத்திலேயே விரதம் இருப்பது அதைவிடச் சிரமம். யாராவது எதையாவது நீட்டினால் “எனக்குச் சீலியாக்” என்று சொல்ல முடியாது, ஒரு வாய் தின்றுவிடுவாய். சீலியாக்கில் அந்த ஒரு வாய் கணக்கில் வரும், எலும்பு உறுதிப்படும் இந்த வயதில் இன்னும் அதிகமாக. நோய் இல்லை என்று வந்தாலோ, தேவையில்லாமல் எதையும் விட வேண்டாம். உப்புசத்துக்கு வேறு காரணம் தேடலாம். ஆனால் ஒருமுறை ‘இல்லை’ என்று வந்தால் ஆயுளுக்கும் இல்லை என்று அர்த்தமில்லை. சில வருடம் கழித்தோ, தொந்தரவு கூடினாலோ மறுபடி பார்க்க வேண்டும்.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அக்காவைப் பார்க்கும் மருத்துவரிடமே உனக்கும் நேரம் வாங்கச் சொல். போகிற அன்று அப்பாவும் அம்மாவும்கூட ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும். அக்காவுக்கு நீ எவ்வளவு நெருங்கிய உறவோ, அவர்களும் அவ்வளவே.